இயற்கைச் சூழலில் பௌத்த தியான முகாம்: இறுகிப்போகாமல் இருப்பது எப்படி?

இலைச்சருகு (கேள்வி)

வணக்கம். காட்டை ஒட்டிய ஓரிடத்தில் ஏழு நாள் மௌன முகாம், தேரவாத முறை. காலை ஐந்துக்கு மணியோசை, இரவு ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. நடுவில் 45 நிமிடம் அமர்வு, 45 நிமிடம் நடை என்று மாறி மாறி வரும். எட்டுச் சீலம் (எட்டு ஒழுக்க விதிகள்) உண்டு, ஆகவே நண்பகலுக்குப் பின் உணவு கிடையாது. அறிவிப்பில் ‘ஓய்வும் மனமலர்ச்சியும்’ என்று போட்டிருக்கிறார்கள். அட்டவணையைப் பார்த்தால் அந்த ஓய்வு எங்கே ஒளிந்திருக்கிறது என்று புரியவில்லை.

விவரம் தெரிந்தவர்களிடம் கேட்க நினைப்பவை: தூக்கம் வந்தால் தூங்கலாமா, போராட வேண்டுமா? வெளியில் மரத்தடியில் உட்கார என்னென்ன ஏற்பாடு வேண்டும்? பறவைச் சத்தம், காற்று இவற்றை ரசிப்பது கவனச்சிதறலா? முகாமில் இருப்பவர்கள் ஏன் பரீட்சை எழுதுகிற முகத்தோடு நடமாடுகிறார்கள், அப்படித்தான் இருக்க வேண்டுமா?

---

மெல்லநட

முதலில் தூக்கத்தைப் பேசிவிடுவோம், முதல் இரண்டு நாளை அதுதான் தின்னும்.

முகாம் தொடங்கியதும் கண் செருகுவது பெரும்பாலும் பல வாரங்களாகச் சேர்ந்த தூக்கக் கடன். ஐந்து நீவரணங்களில் (மனத்தடைகளில்) ஒன்றான சோம்பல்-மந்தம் வேறு, உடல் களைப்பு வேறு. பிரித்தறிய எளிய வழி உண்டு: எழுந்து வெளிச்சத்தில் பத்து நிமிடம் சுறுசுறுப்பாக நடங்கள். தலை தெளிந்து, மறுபடி உட்கார்ந்ததும் மந்தம் திரும்பினால் அது நீவரணம். நடக்கும்போதே கண் எரிந்து கால் இழுத்தால் உடம்புக்குத் தூக்கம் வேண்டும். அதைக் கொடுத்துவிடுங்கள்.

அங்குத்தர நிகாயம் என்ற பௌத்த நூல்தொகுப்பில், உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்த மொக்கல்லானர் என்ற சீடருக்குப் புத்தர் சொல்லும் வழிகள் இன்றைக்கும் அப்படியே பயன்படும். எந்த நினைப்பில் இருந்தபோது தூக்கம் வந்ததோ அதை விடு, கேட்ட தம்மத்தை (போதனையை) எண்ணிப் பார், வாய்விட்டு ஓது, காதை இழுத்துக் கைகால்களைத் தேய், எழுந்து கண்ணைக் கழுவி நட்சத்திரங்களை அண்ணாந்து பார், பகல் வெளிச்சத்தை மனதில் கொண்டுவா, நட. இத்தனையும் செய்தும் போகவில்லையா, வலப்பக்கமாகச் சாய்ந்து, எழும் நேரத்தை மனதில் வைத்துப் படுத்துக்கொள். படுக்கை கடைசியில்தான் வருகிறது, ஆனால் வருகிறது. முகாமில் பலர் அந்தக் கடைசி வரியை மறந்துவிடுகிறார்கள்.

பகலில் படுத்தால் 20 முதல் 30 நிமிடம் போதும், மதிய உணவுக்குப் பின். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து, எழும்போது தலை கனத்து, பிற்பகல் முழுக்க வீணாகும். கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் அதிரும் அலாரம் உள்ள கைக்கடிகாரம் ஒன்று கொண்டு போங்கள். ஒலிக்கிற அலாரம் வேண்டாம், அறைத்தோழர் உங்களுக்காக மெத்தா (அன்பு) தியானம் செய்ய வேண்டியதாகிவிடும்.

இனி பரீட்சை முகம். சுத்தங்களில் (புத்தரின் உரைகளில்) திரும்பத் திரும்ப ஒரு வரிசை வருகிறது: களிப்பு, அதிலிருந்து பிரீதி (பூரிப்பு), அதிலிருந்து உடலமைதி, அதிலிருந்து சுகம், சுகமுற்றவர் மனம் ஒருமுகப்படுகிறது. மனம் ஒன்றிய பிறகு கிடைக்கும் பரிசாகச் சந்தோஷத்தை நினைப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். மனம் லேசாவது முதல் படியில் நடக்க வேண்டியது. ஆனாபானசதி என்ற மூச்சுத் தியானத்தின் பதினாறு படிகளில் ஐந்தாவது பிரீதியை உணர்ந்து மூச்சுவிடுவது, ஆறாவது சுகத்தை உணர்வது, பத்தாவது மனத்தை மகிழ்விப்பது. மகிழ்விப்பதே பாடத்திட்டத்தில் இருக்கிறது, திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியதில்லை.

இறுக்கம் உடம்பில்தான் முதலில் தெரியும். நாக்கு மேலண்ணத்தில் அழுந்தியிருக்கும், கடைவாய்ப் பற்கள் ஒட்டியிருக்கும், மூடிய இமைக்குள் கண்மணி மூக்கு நுனியை முறைத்துக்கொண்டிருக்கும், அடிவயிறு உள்ளிழுத்து நிற்கும், உள்மூச்சு வெளிமூச்சைவிட நீண்டிருக்கும். ஒவ்வொரு அமர்விலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இந்த ஐந்தையும் வரிசையாகத் தொட்டுப் பாருங்கள். பிடிப்பு இருந்தால் மூன்று நீண்ட வெளிமூச்சு, பிறகு மூச்சின் ஒரு புள்ளியை விட்டு உடல் முழுவதையும், சுற்றியுள்ள ஓசைகளையும் சேர்த்துக் கவனத்தை அகலமாக்குங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு தானாகச் சீராகும். அப்போது மறுபடி குறுக்கலாம். தலைவலி, நெற்றிப் பொட்டில் அழுத்தம் என்று மூன்றாம் நாள் புகார் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த முறைத்துப் பார்க்கும் கண்ணால்தான்.

நடைப்பாதையில் கால் வெடித்து ரத்தம் வரும்வரை முயன்ற சோணர் என்ற பிக்குவுக்குப் புத்தர் சொன்ன வீணை உவமையை நினைவில் வையுங்கள்: நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை இல்லை. துறவுக்கு முன் அவர் வீணை வாசித்தவர், அதனால் உடனே பிடிபட்டது.

---

வேர்முடிச்சு

தத்துவத்தை மெல்லநட சொல்லிட்டார். நான் மரத்தடி விஷயத்துக்கு வர்றேன்.

இடம் பார்க்கும்போது முதலில் மேலே பாருங்க. காய்ந்த கிளை தலைக்கு நேரே தொங்கினா அந்த மரம் வேண்டாம். அடுத்து தரை: எறும்புச் சாரை இருக்கான்னு இரண்டு நிமிஷம் நின்னு கவனிங்க. உட்கார்ந்து கால் மணி கழிச்சு கண்டுபிடிக்கிறது ரொம்பச் சிரமம், அதுவும் கொல்லாமை சீலம் எடுத்திருக்கும்போது. நீர்நிலை ஓரம் காலையில சுகம், அந்தி சாயும்போது கொசு. இடி முழக்கம் கேட்டா தனி மரத்தடியை விட்டுடுங்க, அப்போ கட்டடத்துக்குள்ள போறதுதான் புத்தி.

நிழல் நகரும்னு பலர் மறந்துடுவாங்க. முற்பகலில் மரத்துக்கு மேற்கே நிழல் விழும், பிற்பகலில் கிழக்கே. 45 நிமிஷ அமர்வுன்னா நிழலின் நடுவுல உட்காராம, அது எந்தப் பக்கம் நகருமோ அந்தப் பக்கம் தள்ளி உட்காருங்க.

சரிவான தரையா இருந்தா இறக்கத்தைப் பார்த்து உட்காரணும். இடுப்பு தானா முன்னால சாயும், முதுகு சிரமமில்லாம நிமிரும். ஏற்றத்தைப் பார்த்து உட்கார்ந்தா இடுப்பு பின்னால சரிஞ்சு, இருபது நிமிஷத்துல நடுமுதுகு வலிக்கும். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்வா இருக்கணும்ங்கிறதுதான் ஒரே விதி. பொதுவா 10 முதல் 15 செ.மீ. உயரத் திண்டு போதும், தொடை இறுக்கமானவங்களுக்கு இன்னும் கொஞ்சம். முழங்கால் காற்றில் தொங்கினா அடியில் துணி மடிச்சு வையுங்க, தொங்கவிடக் கூடாது. திண்டுக்கு அடியில் ஒரு தார்ப்பாய்த் துண்டு கட்டாயம். தரை காய்ந்த மாதிரி தெரிஞ்சாலும் ஈரம் ஏறும், ஈரத் திண்டு ஒரு நாள்ல காயாது.

அசையாம உட்கார்ந்தா உடம்பு சீக்கிரம் குளிரும். நடக்கும்போது சரியா இருக்கிற உடுப்பு, உட்கார்ந்த கால் மணியில போதாது. ஒரு சால்வையும் காலுறையும் கூடவே வைங்க. செருப்பு வார் கட்டாததா, நுழைச்சுக்கிற மாதிரி இருக்கட்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை கழற்றுவீங்க. ராத்திரிக்குச் சிவப்பு வெளிச்சம் உள்ள டார்ச் எடுங்க. வெள்ளை வெளிச்சம் பட்டா இருட்டுக்குப் பழகின கண் மறுபடி பழக 20-30 நிமிஷம் ஆகும், எதிரே வர்றவங்களுக்கும் அதே கதி.

பூச்சிக்கு: தளர்வான, வெளிர் நிற முழுக்கைச் சட்டை, கால்சட்டை நுனியைக் காலுறைக்குள்ள சொருகிக்கணும். வாசனை அதிகமில்லாத விரட்டி. தலைமேல போடும் கொசுவலை கிடைச்சா இன்னும் நல்லது. உண்ணி இருக்கிற காடுன்னா தினமும் சாயந்திரம் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப் பட்டை, மயிர்க்கோடு இங்கெல்லாம் தடவிப் பாருங்க. இருந்தா நுனி கூர்மையான இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு, நிதானமா, நேரா இழுக்கணும். எண்ணெய் வைக்கிறது, தீக்குச்சி காட்டுறது எதுவும் வேண்டாம், அது உமிழ்நீரை உள்ள விடும். அட்டைன்னா மெல்லிய வாய்ப்பக்கத்துல நகத்தை நுழைச்சுத் தள்ளினா போதும், உயிரோட போயிடும்.

நடைப்பாதைக்கு வருவோம். 20 முதல் 30 எட்டு நீளம், சமதளம், இரண்டு முனையிலும் ஒரு கல்லோ குச்சியோ அடையாளம். வேர் தூக்கியிருக்கிற இடம் வேண்டாம். பார்வை இரண்டு மீட்டர் முன்னால தரையில. முனையில நில்லுங்க, ஒரு மூச்சு, திரும்புங்க, மறுபடி நில்லுங்க, நடங்க. பொதுவான தவறு என்னன்னா மணி அடிச்ச உடனே நத்தை வேகத்துல ஆரம்பிக்கிறது. உட்கார்ந்து மரத்த கால், அதுல மெதுநடை, தள்ளாட்டம், எரிச்சல். முதல் பத்து நிமிஷம் வழக்கமான வேகம், பிறகு மனம் கேட்டா மட்டும் மெதுவா. பாதம் எழும்புறது, நகர்றது, பதியிறது, இது மூணும் தெரிஞ்சா போதும்.

நடைத்தியானத்துக்குப் புத்தர் சொல்ற ஐந்து பலன்கள்ல, சாப்பாடு நல்லாச் செரிக்கும்ங்கிறதும், நடையில வந்த ஒருமுனைப்பு நீடிக்கும்ங்கிறதும் இருக்கு. நடையை இடைவேளையா நினைச்சுத் தேநீர்க் கூடத்துப் பக்கம் ஒதுங்குறவங்களுக்கு இரண்டுமே கிடைக்காது.

---

இலைச்சருகு

இருவருக்கும் நன்றி. ரசிப்பது பற்றிய கேள்வி நிற்கிறது. இன்னொன்று: தங்குமிடம் தனிக் குடில். இரவில் காட்டுச் சத்தத்துக்குப் பயம் வந்தால்? ஓர் அமர்வைத் தவறவிட்டால் வரும் குற்ற உணர்வை எப்படிக் கையாள்வது?

---

மணியோசை

ரசிப்பதைப் பற்றி. கடுந்தவத்தால் உடல் வற்றிப்போன நிலையில் போதிசத்துவருக்கு (ஞானம் பெறுமுன் இருந்த புத்தருக்கு) நினைவுக்கு வந்தது, சிறுவயதில் நாவல் மரத்து நிழலில் உட்கார்ந்திருந்தபோது தானாக வந்த சுகம். காமத்தையும் தீயவற்றையும் சாராத அந்தச் சுகத்துக்கு நான் ஏன் அஞ்ச வேண்டும் என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்வதாக மஜ்ஜிம நிகாயத்தின் மகாசச்சக சுத்தம் சொல்கிறது. பாதை திரும்பிய இடம் அது. மழையில் நனைந்த பாறைகளும் மயிலின் அகவலும் எனக்கு இன்பம் என்று பாடியவர் புத்தரின் சீடர் மகாகாசியபர், தவநெறிகளில் எல்லாரையும்விடக் கடுமையானவர் என்று பெயர் பெற்றவர். ஆகவே குயில் கூவினால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டாம்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: பறவை நிறுத்தியதும் மனம் என்ன செய்கிறது? ஓசை போனதும் அமைதியையும் அதே விருப்பத்தோடு கேட்டால் நலம். அடுத்த கூவலைத் தேடி ஓடினால், இது என்ன பறவை என்று பெயர் தேடத் தொடங்கினால், ரசனை பற்றாக மாறிவிட்டது. கேட்கும் பயிற்சியை இப்படிச் செய்யலாம்: முதல் ஐந்து நிமிடம் தொலைவிலுள்ள ஓசை, அடுத்த ஐந்து அருகிலுள்ளது, அடுத்த ஐந்து எல்லாம் சேர்ந்தபடி, எதையும் தேர்ந்தெடுக்காமல். ஒவ்வொரு ஓசையின் முடிவையும் கவனியுங்கள். தொடக்கம் எல்லோருக்கும் கேட்கும், முடிவு நழுவிவிடும்.

இரவுப் பயம் புதிதல்ல. பயபேரவ சுத்தத்தில் புத்தரே பட்டியல் தருகிறார்: விலங்கு வந்தது, மயில் சுள்ளியை முறித்தது, காற்று சருகை அசைத்தது, பயம் வந்தது. நடந்துகொண்டிருக்கும்போது பயம் வந்தால் அது அடங்கும்வரை நடந்தே இருந்தார், உட்கார்ந்திருக்கும்போது வந்தால் உட்கார்ந்தே இருந்தார். நமக்கு இதன் எளிய வடிவம்: பகல் வெளிச்சத்திலேயே குடிலிலிருந்து கழிப்பறைக்கும் கூடத்துக்கும் உள்ள வழியை இரண்டு முறை நடந்து பழகுங்கள், டார்ச்சையும் செருப்பையும் எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள், செருப்பைத் தட்டிவிட்டு அணியுங்கள். பயம் எழுந்தால் உடனே விளக்கைப் போடாமல் வயிற்றிலும் மார்பிலும் அது எப்படி இருக்கிறதென்று பத்து மூச்சு கவனியுங்கள். உண்மையான ஆபத்து என்றால் கவனிக்கத் தேவையே இருக்காது, எழுந்து நிர்வாகிகளிடம் போய்விடுவீர்கள்.

படுக்கும்முன் பத்து நிமிடம் மெத்தா. விசுத்திமக்கம் என்ற பழைய தியான நூல் தரும் வரிசை: முதலில் தனக்கு, பிறகு மதிக்கும் ஒருவர், நெருங்கிய நண்பர், விருப்போ வெறுப்போ இல்லாத ஒருவர், கடைசியில் பகைவர். இறந்தவரை எடுக்க வேண்டாம் என்கிறது. காமம் கலக்கக்கூடிய உறவையும் தனியாக எடுக்க வேண்டாம் என்கிறது. தன்னில் தொடங்க வறட்சியாக இருப்பவர்கள் குழந்தையையோ நாய்க்குட்டியையோ நினைத்துத் தொடங்கலாம் என்று இன்றைய ஆசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். பகைவரை முதல் நாளே இழுத்து வராதீர்கள், ராத்தூக்கம் போகும். மெத்தாவின் பதினொரு பலன்களில் முதல் மூன்றும் தூக்கத்தைப் பற்றியவை: சுகமாக உறங்குவார், சுகமாக விழிப்பார், கெட்ட கனவு காணார்.

இனி அமர்வைத் தவறவிடுவது. உடம்பு கேட்டால் தூங்கலாம் என்று மெல்லநட பொதுவாகச் சொல்லிவிட்டார், ஆனால் எல்லா முகாமுக்கும் அது பொருந்தாது. கோயங்கா என்ற ஆசிரியரின் முறைப்படி நடக்கும் பத்து நாள் வகுப்பில் நான்கு மணிக்கு எழுப்புவார்கள். ஒரு நாளில் ஒரு மணி நேரக் கூட்டு அமர்வு மூன்று உண்டு, அவற்றுக்குக் கூடத்தில் இருந்தே ஆக வேண்டும். விபஸ்ஸனா (உடல் உணர்வுகளைக் கவனிக்கும் பயிற்சி) தொடங்கிய பிறகு அந்த ஒரு மணி நேரமும் கண் திறக்காமல், கை கால் அசைக்காமல் இருக்கும் உறுதியும் சேரும். முறைப்படியான நடைத்தியானம் அங்கே கிடையாது. பர்மியத் துறவி மகாசி சயாடோவின் முறையில் ஒரு மணி அமர்வு, ஒரு மணி நடை, ஒவ்வோர் அசைவுக்கும் மனக்குறிப்பு. வியட்நாம் துறவி திக் நாட் ஹான் 1982-இல் பிரான்சில் தொடங்கிய பிளம் வில்லேஜ் மரபில், வாரத்தில் ஒரு நாள் ‘சோம்பல் நாள்’, அன்றைக்கு அட்டவணையே இல்லை, படுத்தபடி செய்யும் ஆழ்தளர்வுப் பயிற்சியும் உண்டு. ஓய்வைத் தேடிப் போகிறவர் முதல் வகை முகாமில் சேர்ந்துவிட்டு மையத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. உங்கள் 45-45 அட்டவணை நடுவில் இருக்கிறது. எந்த அமர்வுகள் கட்டாயம் என்று முதல் மாலையே கேட்டுவிடுங்கள். மற்றவற்றில் ஒன்றை விட்டு முப்பது நிமிடம் தூங்கினால் அதைத் திட்டமிட்டுச் செய்யுங்கள். படுக்கையில் கிடந்து போகலாமா வேண்டாமா என்று விவாதிக்கும் முப்பது நிமிடம்தான் களைப்பைக் கூட்டும்.

சிரிப்பு. மௌன முகாமில் யாராவது ஏப்பம் விட்டால் பத்துப் பேருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அடக்கினால் தோள் குலுங்கி இன்னும் மோசமாகும். வாயைச் சற்றே திறந்து நீளமாக மூச்சை விடுங்கள், முடியவில்லையா, எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வாருங்கள். மற்றவர்களின் உம்மென்ற முகத்தையும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணோடு கண் பார்த்துப் புன்னகைக்கும் கடமை மௌனத்தில் இல்லை, அந்த வேலையைக் கீழே வைத்த முகம் அப்படித்தான் தெரியும். உள்ளே ஆனந்தமாக இருக்கக்கூடும்.

---

மெல்லநட

மணியோசை சொன்னது சரி, கட்டாய அமர்வுகளைத் தவறவிடச் சொல்லவில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று: காபி, தேநீர். தினம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும், இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். அதைத் தியானத்தின் மேல் பழிபோடுவார்கள். முகாமுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்தே பாதியாகக் குறைத்து, பிறகு கால்வாசியாக்கிக்கொண்டு போங்கள். மாலை உணவில்லாததற்கு ஈடுகட்ட மதியம் இரட்டிப்பாகச் சாப்பிடுவதும் வேண்டாம், பிற்பகல் இரண்டு அமர்வும் தூக்கத்தில் போகும். மாலையில் பசித்தால் வெந்நீர் குடித்துப் பாருங்கள். நீரிழிவு, வயிற்றுப்புண், கர்ப்பம் என்றால் முன்கூட்டியே எழுதி, மாலை உணவுக்கு வழி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

மருந்து எதையும் முகாமுக்காக நிறுத்தக் கூடாது, மனநல மருந்துகளைக் குறிப்பாக. நாலைந்து நாளில் தூக்கம் சற்றுக் குறைவது வழக்கம்தான். இரண்டு இரவு தொடர்ந்து தூங்காமல், களைப்பும் இல்லாமல், எண்ணம் பறந்துகொண்டே இருந்தால் அது முன்னேற்றம் என்று நினைத்துப் பேசாமல் இருக்காதீர்கள். ஆசிரியரிடம் அன்றே சொல்லுங்கள், மௌனம் அதற்குத் தடையில்லை. கடுமையான மன உளைச்சலை அண்மையில் கடந்தவர்கள் சேரும்முன்பே சொல்லிவிட வேண்டும்.

---

இலைச்சருகு

கடைசியாக ஒன்று. கால் மரத்துப்போனால் நரம்பு கெட்டுவிடுமோ?

---

வேர்முடிச்சு

வழக்கமா மரத்துப்போறது நரம்பு அழுந்துறதாலதான், எழுந்து ஒன்றிரண்டு நிமிஷத்துல சரியாயிடும். ஆனா மணி அடிச்சதும் குதிச்சு எழாதீங்க, உணர்வில்லாத பாதம் மடங்கிக் கணுக்கால் சுளுக்கும். காலை நீட்டி, விரலை ஆட்டி, சுள்ளுன்னு குத்துறது நின்னப்புறம் எழுங்க. அரைமணிக்கு மேலயும் மரப்பு இருந்தாலோ பாதத்தைத் தூக்க முடியலைன்னாலோ அந்த உட்காரும் முறையே வேண்டாம், மருத்துவரையும் பார்த்துடுங்க. முழங்காலுக்குள்ள கூர்மையா வலிச்சா பொறுத்துக்கிற பேச்சே இல்லை, உடனே நிலையை மாத்துங்க. முழங்கால் பலகையோ நாற்காலியோ கேட்டா தருவாங்க. நாற்காலின்னா முன் விளிம்புல உட்காருங்க, முதுகைச் சாய்க்காம, பாதம் இரண்டும் தரையில முழுசாப் படணும். படலைன்னா அடியில ஒரு போர்வையை மடிச்சுப் போட்டுக்கலாம்.